முடிவு பார்க்காத ரசிகர்

தை பிறந்ததும் எல்லோரும் நீதிபதிகளாகிவிடுகிறார்கள். போன வருடத்தின் சிறந்த படங்கள் இவை என்று நாளிதழ் ஒரு முழுப்பக்கத்தை ஒதுக்குகிறது. கைப்பேசியைத் திறந்தால், தாடி வைத்த இளைஞர் ஒருவர் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறார். என்னிடம் படித்தவர்களில் சிலரும் தங்கள் தேர்வுகளை எழுதி, நான் கேட்காமலே எனக்கு அனுப்பிவைக்கிறார்கள். நான் படிப்பதில்லை. திரைப்படக் கலையின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அதைச் சுற்றி எழும் இந்தத் தரவரிசைக் கூச்சலின்மேல் அருவருப்பு ஒன்றே உண்டு.

ஆயினும் ஒரே ஒருவருடைய தேர்வை மட்டும் ஆண்டு தவறாமல், முதலிலிருந்து கடைசிவரை, முகம் சுளித்தபடியே கேட்டிருக்கிறேன். அவர் என் மனைவியின் தம்பி; நான் மாப்பிள்ளை என்று அழைத்தவர். இப்போது அவரும் இல்லை.

நாமக்கல்லுக்கு மேலே மலையில், வாழவந்தி நாட்டில் மிளகும் மரவள்ளியும் பயிரிட்டவர் அவர். நான் சமவெளிக் கல்லூரி ஒன்றில் நாடக இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவன். பிறந்த ஊரில்தான் முதுமையைக் கழிப்பேன் என்று மனைவி பிடிவாதமாக இருந்ததால் மலையேறி வந்து, அவருடைய தோட்டத்தை ஒட்டியே வீடு கட்டிக்கொண்டோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு உடன்பிறப்பு என்று மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான். தாய் சிறு வயதிலேயே போய்விட்டதால் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவளும் அவளே. நரைத்த தலையோடு அவர் எங்கள் வாசலில் வந்து நிற்கும்போதும் அவள் அழைப்பது "வா கண்ணு" என்றுதான்.

பொங்கல் கழிந்த சில நாட்களில் அறிவிப்பு நடக்கும். இடம், சாலையோர நிழற்குடை. பேருந்துக்காகக் காத்திருப்பவர்கள் எங்கும் போய்விட முடியாது என்பதால் அந்த இடத்தை அவர் தேர்ந்தெடுத்திருந்தார் என்றே நினைக்கிறேன். தோளில் துண்டு, வாயில் வறுத்த கடலை. பேசும்போது கடலைத் தோல் உதட்டோரத்தில் ஒட்டியிருக்கும், துடைக்கமாட்டார். படங்களின் பெயரை ஒருபோதும் சொன்னதில்லை. கோழிப்பண்ணைப் படம், ஊமைநாய்ப் படம், மாமியா சிரிக்கிற படம் என்று அவராகவே வைத்த பெயர்கள்தாம்.

"சரி மாமோய், போன வருசத்துல எது ஒசத்தி?" என்று யாராவது தூண்டிவிடுவார்கள்.

"அவசரப்படாத. மூணாவதுல இருந்து வாரேன்" என்பார்.

இதில் என்னை அருவருக்கச் செய்தது அவருடைய கடலையோ ரசனையோ அல்ல. அவர் எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை என்பதுதான்.

காரணம் எளியது. மலையில் திரையரங்கு கிடையாது. காலையில் தோட்டவேலை முடித்து, அடிவாரக் காரவள்ளி வழியாக இறங்கி, நாமக்கல் போய்ச் சேர்ந்தால் மாலைக் காட்சிதான் கிடைக்கும். அது முடிவதற்கு வெகு முன்பே மலைக்குத் திரும்பும் கடைசிப் பேருந்து புறப்பட்டுவிடும். அந்த வளைவுகளில் இருசக்கர வண்டி ஓட்டும் துணிவு அவருக்கு வந்ததில்லை. ஆகவே இடைவேளை முடிந்து படம் சூடுபிடிக்கும் வேளையில், பக்கத்திலிருப்பவர்களின் காலை மிதித்துக்கொண்டு அவர் எழுந்து வெளியேறுவார். இளமை முதல் இப்படித்தான். கதையைக் கேட்பவர்கள் "அப்புறம்?" என்றால், "அப்புறம் பஸ் வந்துருச்சு" என்பார். ஊரே அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டது. பாதியில் நின்ற கல்யாணப் பேச்சு, கூரை போடாத வீடு, தேர்தல் வாக்குறுதி, எல்லாவற்றுக்கும் "அப்புறம் பஸ் வந்துருச்சு" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

வாழ்நாள் முழுவதும் நான் மாணவர்களுக்குச் சொல்லிவந்தது ஒன்று உண்டு: முடிவே ஒரு படைப்பின் முன்பகுதிக்குப் பொருள் தருகிறது, முடிவை அறியாமல் சொல்லப்படும் தீர்ப்பு வெறும் வாயசைப்பு. அதை நான் அவரிடமும் சொன்னேன், ஒரு முறை, சற்றுக் கடுமையாகவே.

"வாஸ்தவந்தானுங்க மாமா" என்றார் அவர். "ஆனா பாருங்க, எனக்கு ஒரு அளவு இருக்குது. பஸ்ஸுக்கு எந்திரிக்கணும்னா கால் வரோணுமில்லீங்களா? கால் சுளுவா வந்துச்சுன்னா படம் குப்பை. வரமாட்டேன்னு அடம் புடிச்சா அது நல்ல படம். ஓடிப்போயிப் படிக்கட்டுல தொத்தறாப்புல ஆச்சுன்னா அதுதான் அந்த வருசத்துக்கு மொதப் படம்."

ஒரு கலைப்படைப்பைத் தன் முழங்காலால் அளக்கும் மனிதரிடம் மேற்கொண்டு விவாதிப்பதில் பொருளில்லை.

ஒரு தையில், சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்திருந்த அலுவலக எழுத்தர் ஒருவர் நிழற்குடையில் நின்றிருந்தார். முதல் படத்தில் வரும் பெரிய டாக்டரைப் போல நல்ல மனிதரைத் தான் பார்த்ததே இல்லை என்று மாப்பிள்ளை உருகிக்கொண்டிருந்தார். எழுத்தர் வாய்விட்டுச் சிரித்தார்.

"யோவ், அந்த டாக்டர்தான்யா வில்லன்! கடைசியில அவன்தான் எல்லாரையும் கொன்னவன்னு தெரியும். நீ படம் பாத்தியா, தூங்கினியா?"

கூட்டம் மாப்பிள்ளையைப் பார்த்தது. அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"நான் எந்திரிக்கற வரைக்கும் நல்லவராத்தானுங்க இருந்தாரு. அதுக்கு மேல அவரு கெட்டுப்போனா நான் என்னங்க பண்ணட்டும்?"

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். என் மனைவி அன்று வீடு திரும்பிய பிறகும் அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கைப்பேசியில் படம் பார்க்கும் காலம் வந்தது. அவருடைய மகள் ஒரு படத்தின் எஞ்சிய பகுதியைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். "அது வேற படங் கண்ணு. நான் பாத்தது அத்தாம் பெருசு" என்று இரு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு எழுந்துபோனார். அவருக்குத் தடையாக இருந்தது பேருந்து அல்ல என்று அன்று எனக்குத் தெளிவாயிற்று.

அதன் பிறகு அவருடைய வாழ்க்கையையே நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். அவர் தந்தைக்கு மூச்சு மாறியபோது வெந்நீர் கொண்டுவருவதாகச் சொல்லி எழுந்துபோனவர், எல்லாம் முடிந்த பிறகு சவுக்கு மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் வேளையில், பெண் அழுதபடி நாலாபக்கமும் தேட, அவர் மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். ஊர்த் திருவிழாவில் கிடாய்க்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பது வரை முன்வரிசையில் நிற்பார்; அது தலையசைத்ததும் ஆளைக் காணாது. பிறகு கறிக்குழம்புக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவார். அதையும் நான் கவனித்திருக்கிறேன். முடிவுகளைப் பிறர் சுமக்கட்டும் என்று விட்டுவிட்டு, நடுப்பகுதிகளைச் சப்புக்கொட்டித் தின்கிற மனிதர். அவரைப் பற்றி நான் எனக்குள் எழுதி வைத்திருந்த வாக்கியம் அது.

"அவன் சின்னதுல இருந்தே அப்படித்தானுங்க" என்பாள் மனைவி. "விடுங்க."

சில வருடங்களுக்கு முன், ஆண்டின் பிற்பகுதியில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. பெரிய மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து பார்த்து, அப்படியே மூடி அனுப்பிவிட்டார்கள். மலைக்கே கூட்டிப்போங்கள் என்று அவள் சொன்னாள். கூட்டிவந்தோம்.

அப்போது அவரைத் தனியே அழைத்து நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"மாப்ளே, அவ போறப்போ நீங்க பக்கத்துல இருக்கணும். வேற எதுவும் நான் உங்ககிட்ட கேக்கல."

"இருக்கறனுங்க மாமா."

"எழுந்து போகக் கூடாது."

"போகமாட்டனுங்க" என்று தன் தலைமேல் கைவைத்துக்கொண்டார்.

அவள் தூக்கி வளர்த்த ஒரே உயிர் அவளுடைய கடைசி மூச்சின்போது வேலி தாண்டிப் போய்விடக் கூடாது. அந்த நாட்களில் எனக்கு வேறு வேண்டுதல் இருக்கவில்லை.

அவர் வந்து உட்கார்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மிளகு பறிக்கும் பருவம். கொடிகளை ஆட்களிடம் விட்டுவிட்டு அவள் காலடியில் இருந்தார். பாதங்களைத் தேய்த்துவிட்டார். நோய் முற்றியபோது எதைக் கொடுத்தாலும் வாந்தியாக வந்தது. அந்தக் கிண்ணத்தை ஏந்தும்போது என் கை தன்னையறியாமல் சற்றுப் பின்வாங்கும். அவர் கை பின்வாங்கியதில்லை. மலைப்பேருந்தில் வளைவுக்கு வளைவு ஜன்னலில் தலைநீட்டி வாந்தியெடுத்துப் பழகியவர், அதனால்தான் என்று என்னை நான் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவர்மேல் என் வெறுப்பு அந்த வாரங்களில் குறைந்திருக்க வேண்டும். மாறாக அதிகமானது. ஏனென்றால் அந்த வருடத்திலும், அவளுக்கு நோய் என்று தெரிந்த பிறகும், அவர் படம் பார்க்கப் போகாமலிருக்கவில்லை.

பொங்கல் கழிந்தது. அவளே கேட்டாள்.

"ஏஞ்சாமி, போன வருசத்துப் படமெல்லாம் இன்னும் சொல்லவே இல்ல?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அவரு கெடக்கறாரு, நீ சொல்லு" என்றாள்.

சொன்னார். இடம் நிழற்குடை அல்ல, நோயாளியின் கட்டில். அதைத் தவிர எதையும் அவர் மாற்றவில்லை. மூன்றாவது, கோழிப்பண்ணைப் படம். முட்டை வண்டி ஓட்டுகிறவனுக்கும் பண்ணைக்காரர் மகளுக்கும் காதல்; ஒரு சண்டை முழுக்க முட்டையாலேயே நடக்கிறது. "பாத்துட்டு வந்து ஒரு வாரம் எனக்கு ஆம்லேட்டே எறங்கலக்கா." அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு வலியாக மாறியது. வலிக்கிடையே "இன்னும் சொல்லு" என்றாள். இரண்டாவது, ஊமைநாய்ப் படம். குரைக்கத் தெரியாத நாய் ஒன்று திருடனோடு சிநேகமாகிவிடுகிறது. அதில் வரும் நாயின் நடையை நடந்துகாட்டினார். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் என் மனைவியின் கட்டிலைச் சுற்றி நாலுகாலில் போனார்.

முதல் படம், வருடக் கடைசியில் வந்த லாரிக்காரர் படம். சொல்லாமல் ஓடிப்போன மகளைத் தேடி ஒரு லாரிக்காரர் ஊர் ஊராகப் போகிறார். கோபத்தோடு புறப்பட்டவருக்கு வழியெல்லாம் கோபம் கரைகிறது. கடைசியில் ஏதோ ஒரு வடக்கத்தி ஊரில் அவள் வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டுகிறார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்னக்கா. ஓடிப்போயி ஏறுனேன். கண்டக்டரு கையப் புடிச்சு இழுத்துப் போட்டாரு."

அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தோம்.

அடுத்து வந்த சில நாட்களில் கஞ்சித் தண்ணீரும் நின்றுபோயிற்று. பார்க்க வந்த செவிலியர் என்னை வாசலுக்கு அழைத்து, இனி அதிகம் போனால் ஓரிரு நாள் என்றார். நான் உள்ளே வந்தபோது அவள் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தாள். குரல் மெலிந்திருந்தாலும் சொற்கள் தெளிவாக இருந்தன.

"அந்த லாரிக்காரர் படம் இன்னும் ஓடுதா?"

"ஒரு தியேட்டர்ல ஓடுதுக்கா."

"போயிப் பாரு. முழுசும் பாரு. அந்தப் புள்ள கதவத் தெறந்தாளா இல்லையான்னு எனக்கு வந்து சொல்லு. பாதியில எந்திரிச்சு வந்தீன்னா ஊட்டுக்குள்ள விடமாட்டேன்."

நான் குறுக்கிட்டேன். "அதெல்லாம் வேண்டாம். அவர் இங்கதான் இருப்பார்."

"ஏனுங்க" என்றாள் அவள் என் பக்கம் திரும்பி. "போகட்டும் விடுங்க."

அவர் எனக்குத் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தவர். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். நான் தலையசைத்து மறுத்தேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அக்காவின் நெற்றியைத் தொட்டார். வாசலைத் தாண்டும்வரை மெல்ல நடந்தார், தாண்டியதும் ஓடினார். சாலை நோக்கி, செருப்பு அடித்துக்கொள்ள, திரும்பிப் பார்க்காமல், விடுபட்டவனின் ஓட்டம். என் வாழ்நாளில் நான் கண்ட காட்சிகளில் அதைவிட அருவருப்பானது ஒன்று இல்லை.

விளக்கு வைக்கும் வேளையில் அவள் போனாள். என் கை அவள் கைமேல் இருந்தது. வேறு யாரும் இல்லை. அவரை அழைத்துப் பார்த்தேன்; கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. திரையரங்குக்குள் நுழையும்போது அதை அணைத்துவிடுவது அவருடைய ஒழுக்கம்.

இந்தப் பக்கத்தில் மணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும். உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்தாமல் உடலை எடுக்க மாட்டார்கள். ஊர்ப்பெரியவர்கள் வந்து அமர்ந்து, "தம்பிக்காரன் எங்கீங்க?" என்று கேட்டார்கள். கடைசிப் பேருந்து மேலே வந்துவிட்டிருந்தது. அதில் அவர் இல்லை. "சினிமாவுக்குப் போயிருக்கார்" என்று ஒவ்வொருவரிடமும் நான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாக்கியத்தால் வாயில் ஊறிய கசப்பை நான் இன்றும் அறிவேன். சிலர் தலை குனிந்தார்கள். ஒருவர் வெளியே போய்ச் சிரித்தது என் காதில் விழுந்தது.

விடிந்ததும் முதல் பேருந்தில் வந்து இறங்கினார். வாசலில் போட்டிருந்த நாற்காலிகளைப் பார்த்தார், நிற்கவில்லை, அழவில்லை. நேராக உள்ளே வந்து அவள் தலைமாட்டில் குனிந்து, காதருகே வாயை வைத்துப் பேசத் தொடங்கினார். நெடுநேரம் பேசினார். அவரிடமிருந்து பேருந்து நிலையத்தின் நாற்றமும் வாந்தியின் புளிப்பும் வந்தன. சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி என் பக்கம் சாய்ந்து, "எப்படி முடியுதாமுங்க?" என்று கேட்டாள். அந்த நொடியில் மனித குலம் முழுவதன்மேலும் எனக்கு ஏற்பட்ட குமட்டலை எழுத்தில் கொண்டுவர என்னால் ஆகாது.

அவர் நிமிர்ந்து, கையிலிருந்த துணிப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு புதுப்புடவை.

விடிகாலையில் எந்தத் துணிக்கடையும் திறந்திருக்காது. முந்தைய நாள் மாலை, படத்துக்குப் போகும் முன்னே வாங்கியிருக்க வேண்டும். நான் அவர் கையைப் பற்றிப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். என் குரல் உயரவில்லை, ஒருபோதும் உயர்ந்ததில்லை.

"தெரிஞ்சேதான் போனீங்களா?"

"தெரியுமுங்க மாமா."

"சத்தியம் பண்ணினீங்களே."

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நீங்க நர்சம்மாவோட வாசலுக்குப் போயிருந்தப்பவே அக்கா சொல்லிருச்சுங்க. 'நீ பக்கத்துல குந்தியிருந்தா எனக்கு உசுரு போகாது சாமி. மூணு நாளாப் பாக்கறேன், முடியல. நீ போயிருடா'ன்னுச்சு. 'வாரப்ப வெறுங்கையோட வராத, கோடி எடுத்துட்டு வா'ன்னுச்சு. மாமாகிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டனுங்க. 'வேண்டாம், அவரு தாங்கிக்குவாரு, அவரு இருக்கட்டும்'னுச்சு."

தொட்டித் தண்ணீரில் உதிர்ந்த இலை ஒன்று மிதந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து, நேரமாகிறது என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

அவர் பையிலிருந்து புடவையை எடுத்து இரு கைகளிலும் ஏந்தி, வெளிச்சத்துக்கு நீட்டினார். பளீரென்ற ரோஜா நிறம், ஓரமெல்லாம் மஞ்சள் ஜரிகை. அப்படியொரு நிறத்தை நான் என் மனைவிக்கு வாங்கியதில்லை. கடையில் யாராவது எடுத்துக் காட்டினாலும் மடித்து வைக்கச் சொல்லிவிடுவேன். என் கண்ணுக்கு அது எப்போதும் உவப்பில்லாதது.

"மாமாவுக்குப் புடிச்ச கலரா எடுன்னுச்சுங்க அக்கா" என்றார் அவர். "எந்தக் கலருன்னு கேக்காம ஓடிட்டேன். கடைக்காரன் கேட்டான், எனக்கு வெளங்கல. பாத்தவுடனே இதுதான்னு தோணுச்சு." அவர் உதடு அப்போதுதான் முதன்முறையாகக் கோணியது. "சரிதானுங்களா மாமா? இல்லீன்னா சொல்லிப்போடுங்க."

நான் அந்தப் புடவையின் ஒரு முனையை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"இதுதான் மாப்ளே" என்றேன். "இதேதான்."